படத்துக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி

பொங்கலுக்கு முன்னால் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். அட்டைப்பெட்டி ஒன்றைச் சாய்த்ததும் கறுப்பு வயர்ச் சுருள் ஒன்று கீழே விழுந்தது. நாலு முழ நீளம், இரண்டு முனையிலும் பச்சை பின். ரப்பர் பிசுபிசுத்துப்போய் விரலில் ஒட்டியது. என் மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எதுக்குப்பா?" என்றாள்.

"மானிட்டருக்குச் சத்தம் போற வயர்."

அவளுக்குப் பிடிபடவில்லை. படம் போகும் வயரிலேயே சத்தமும் போகிற காலத்தில் பிறந்தவள். படத்துக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறொரு வழி என்று இருந்ததை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

நான் வளர்ந்தது ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், வாடகை வீட்டில். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை. கூடத்து அலமாரியில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. குமிழைத் திருகினால் உடனே பாடாது. வால்வு சூடேற வேண்டும். முகப்பில் இருக்கும் பச்சைக் கண் மெல்ல விரியும், பிறகுதான் குரல் வரும். அதற்குள் அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்துவிடுவாள். முள் பெரும்பாலும் திருச்சி நிலையத்திலேயே நிற்கும். 1939 மே மாதம் தொடங்கிய நிலையம் அது. அப்பா பிறந்ததும் அந்த வருஷம்தான் என்பதால் அதைத் தன் கூடப்பிறந்ததைப் போலவே பேசுவார். "எங்க ஸ்டேஷன்ல இன்னிக்கு நாகஸ்வரம் யாரு தெரியுமா?" என்றுதான் காலை ஆரம்பமாகும்.

மரப்பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஸ்பீக்கர். தவிலோ மிருதங்கமோ வாசித்தால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக அதிரும். அப்பா அதையும் சேர்த்துத்தான் கேட்பார்.

அவர் காது பணிமனையில் பழகிய காது. வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஓசை எழுந்து நின்று அடங்கினால் சக்கரம் நல்லது. செத்த ஓசை வந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது. இதை வீட்டிலும் செய்வார். புதுப் பானை, தேங்காய், ஜன்னல் கம்பி எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். பானைக்காரம்மாவே, "சார் தட்டினா தப்பாது" என்று இரண்டாவது பானையைத் தானாக எடுத்து வைப்பார்.

1987 மார்ச்சில் ஸ்ரீரங்கம் கோயில் ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாகவே நின்றதை அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் ஜீயர் எடுத்துக் கட்டி, 13 நிலை, 236 அடி என்று முடித்துவைத்தார். தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர். ஒன்றில் கேட்டது அடுத்ததில் ஒரு கணம் பிந்திக் கேட்கும். வீதி முழுக்க ஒரே பாட்டு தன்னையே துரத்திக்கொண்டு ஓடும். அதற்கு அடுத்த மாதம் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் பிஎஸ்/2 என்ற கணிப்பொறிகளை அறிமுகப்படுத்தியது. அதோடு வந்ததுதான் விஜிஏ. மூன்று வரிசையில் பதினைந்து துளைகள் கொண்ட அந்த நீல நிற இணைப்பைப் பார்க்காதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஆளுக்கொரு வழி, படம் ஓடாமல் நிற்க இரண்டு வழி, மீதி தரை இணைப்பும் சில்லறை வேலையும். பதினைந்தில் ஒன்றுகூடச் சத்தத்துக்கு இல்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் கூடத்துக்கு அது வந்துசேர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் அக்கா கல்யாணம் போக மிஞ்சியதில் கணிப்பொறி வாங்குவதென்று முடிவாயிற்று. கணிப்பொறி என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்கு ஓரளவு தெரிந்ததே சுஜாதா பத்திரிகைகளில் எழுதியதைப் படித்துத்தான். ஸ்ரீரங்கத்து ஆள் எழுதியது என்பதால் அம்மாகூட விடாமல் படிப்பாள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு கடை. உதிரி பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுப்பார்கள். கடைப் பையன் ஒரு மானிட்டரைத் திருப்பிக் காட்டினான். திரைக்கு இரண்டு பக்கமும் காது வைத்த மாதிரி துளைகள் போட்ட ஸ்பீக்கர்.

"மல்டிமீடியா மானிட்டர் சார். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கு. தனியா வாங்க வேணாம்."

அப்பா விரல் கணுவால் அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "பிளாஸ்டிக்கு. சரி, பாப்போம்" என்றார்.

ஆட்டோவில் அவர் மடியிலேயே அது காவிரிப் பாலம் தாண்டி வந்தது. அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாளே பழைய ஜன்னல் திரையை வெட்டி உறை தைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் கணிப்பொறிக்கு உறை இல்லாத வீடு கிடையாது. பூட்டிக் கொடுக்க வந்த பையன் அவசரத்தில் இருந்தான். படம் வந்ததும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் சத்தம் வரவில்லை என்று தெரிந்தது. கேபினட்டுக்குள் இருக்கும் பொத்தான் அளவு ஸ்பீக்கர் மட்டும் தொடங்கும்போது ஒரு தரம் 'பீப்' என்றது. அது எல்லாம் நலம் என்று சொல்கிற குரல். பாட்டுக்கு ஆகாது.

நான் கடைக்கு போன் செய்யலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. சவரக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை நகர்த்தாமல் கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டி, அதில் தெரிவதைப் படித்தார். பெட்டியின் முதுகில் மூன்று துளைகள்: இளஞ்சிவப்பு, பச்சை, நீலம். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து உள்ளே வரும் ஒலிக்கு, பச்சை வெளியே போகும் ஒலிக்கு. இந்த நிறங்களும் அப்போதுதான் வந்திருந்தன. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து வகுத்த பிசி 99 என்ற வரையறையில் வந்த ஏற்பாடு அது. அதற்கு முந்தைய பெட்டிகளில் பெரும்பாலும் எல்லாத் துளையும் ஒரே மாதிரி இருக்கும், பக்கத்தில் பொடியாக ஒரு படம் செதுக்கியிருக்கும். நிறம் கொடுத்த புண்ணியவான்கள் எத்தனை மேஜைகளுக்கு அடியில் எத்தனை பேரின் முதுகு வலியைத் தீர்த்தார்களோ.

"பெட்டியில பச்சையிலதான் இருக்கு. டேய், மானிட்டர் முதுகப் பாரு. அங்க எத்தனை ஓட்டை?"

இரண்டு இருந்தன. ஒன்றின் பக்கத்தில் ஹெட்போன் படம், இன்னொன்றின் பக்கத்தில் உள்நோக்கிய அம்பு. வயர் ஹெட்போன் படத்தில் நின்றது.

"அது வெளிய போற வழி. தண்ணி வெளிய போற குழாயில ஊத்தினா தொட்டி எப்படி ரொம்பும்? மாத்திக் குத்து."

மாற்றினோம். அப்பொழுதும் இல்லை. அப்பா எழுந்து வந்து மானிட்டரின் முன்பக்கம் கீழ் விளிம்பைத் தடவினார். அங்கே விரல்நகம் அளவுக்கு ஒரு சக்கரம் இருந்தது. அதை மேல்நோக்கி உருட்டியதும் விண்டோஸ் 98-இல் பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியிலிருந்து பீறிட்டது. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "வந்துருச்சு!" என்றார் அப்பா. எஞ்சின் ஷெட்டைவிட்டு நகர்ந்தால் வருமே, அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில்.

பிறகு எனக்குப் பாடமும் நடந்தது. பெட்டியிலிருந்து வருவது வெறும் முனகல், அதற்கு ஸ்பீக்கரைத் தள்ளும் பலம் கிடையாது. மானிட்டருக்குள்ளே குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, அது மானிட்டரின் மின்சாரத்தைத் தின்றுதான் முனகலைப் பாட்டாக்குகிறது. ஆகவே மானிட்டரை அணைத்தால் பாட்டும் நிற்கும். சோதித்தும் காட்டினார். சத்தம் வராத எந்தப் பெட்டியையும் நான் இன்றுவரை இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்: எங்கே புறப்படுகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே பலம் பெறுகிறது, எங்கே அடைத்திருக்கிறது.

அந்த ஸ்பீக்கர் போதாது என்று சித்தப்பாவுக்குக் குறை. உறையூரிலிருந்து ஒரு நாள் பெரிய பெட்டி ஸ்பீக்கர் ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மானிட்டரை ஒட்டி வைத்தார். திரையில் முருகன் படம் ஓடிக்கொண்டிருந்தது. முருகனின் ஒரு கன்னம் ஊதாவாகவும் மயில் பச்சை விட்டு ஆரஞ்சாகவும் மாறிப்போயின. அம்மா பதறிவிட்டாள். பழைய குழாய் மானிட்டரில் பின்னாலிருந்து எலெக்ட்ரான் கற்றை வந்து திரையின் நிறப்புள்ளிகளில் குறிபார்த்து விழும். பக்கத்தில் காந்தம் இருந்தால் கற்றை வளைந்து, சிவப்பில் விழவேண்டியது பச்சையில் விழும். மானிட்டருக்குள் வைத்த ஸ்பீக்கர்களில் காந்தம் வெளியே கசியாமல் கட்டுப்படுத்தியிருப்பார்கள். சித்தப்பாவின் பெட்டிக்கு அப்படி ஒரு காவலும் இல்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு மெனுவில் 'டிகாஸ்' என்பதை அழுத்தினோம். 'டொம்' என்று ஓர் ஓசை, திரை தண்ணீராய் ஆடி நின்றது. முருகன் தன் நிறத்துக்கு வந்தார். ஆகவே மானிட்டரின் சொந்தக் குரலே எங்களுக்கு நிலைத்தது.

அது மெலிந்த குரல்தான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கூம்பு. கனமான ஓசையை எழுப்ப வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். இயற்பியல் படித்திருந்த எனக்கு இது தெரியும். அப்பாவின் நண்பர் ஒருவர் பழனி சுப்ரமணிய பிள்ளை மிருதங்கம் வாசித்த பழைய கச்சேரி ஒன்றைக் குறுந்தகட்டில் எடுத்துக் கொடுத்திருந்தார். இடது கைக்காரர் அவர். மிருதங்கத்தின் கனத்த ஓசைப் பக்கமான தொப்பியில் அவர் காட்டும் கும்கியை, அந்த வழுக்கும் ஓசையைப் பற்றி அப்பா பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். இளவயதில் நேரிலேயே கேட்டவர். அந்தப் பாணி சீடர் திருச்சி சங்கரன் வழியாக 1970-களிலேயே டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகம்வரை போனதில் அப்பாவுக்கு அத்தனை பெருமை.

குறுந்தகட்டைப் போட்டோம். தனி ஆவர்த்தனம். என் காதுக்கு மறுபக்கமான வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்டது. தொப்பி இருக்கவேண்டிய இடமெல்லாம் ஏதோ மெத்தென்ற தட்டல். அப்பா நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை தொடையில் அழுத்தி வழுக்கி, மேலேறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தொப்பி கேக்குதாப்பா?"

"ஏன் கேக்காம? நல்லா உருளுதே."

அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகு படித்தபோது பாதி விளங்கியது. எந்தச் சுருதியும் ஒற்றையாக வருவதில்லை. நொடிக்கு நூறு அதிர்வு என்றால், கூடவே இருநூறும் முந்நூறும் நானூறும் மெல்லியதாக வரும். சின்ன ஸ்பீக்கர் நூறைத் தவறவிட்டுவிடும். ஆனால் மேலே உள்ளவை நூறு நூறாகத் தள்ளி நிற்பதைக் கேட்டுக் காது நூறையும் தானே போட்டுக்கொள்ளும். தொலைபேசி ஏறக்குறைய முந்நூறுக்குக் கீழே எதையும் அனுப்புவதில்லை, ஆனாலும் அதில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பது இதனால்தான். சாதாரணத் தோல் கருவிகளில் இப்படி ஒழுங்கான அடுக்கு கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் உண்டு, காரணம் நடுவில் பூசியிருக்கும் கரணை. கிட்டக்கல் பொடியும் சோறும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்த அந்தக் கறுப்பு வட்டம் தோலின் தாறுமாறான அதிர்வுகளைச் சுருதி அடுக்குக்குள் கொண்டுவருகிறது. இதை 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி. வி. ராமன். அவர் பிறந்தது எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் திருவானைக்காவில். அப்பாவிடம் சொன்னபோது, "பக்கத்து ஊர்க்காரர்தானே, தட்டிப் பாத்திருப்பார்" என்றார்.

இதெல்லாம் வலந்தலைக்குச் சரி. தொப்பிக்குச் சரியாகப் பொருந்தாது. அங்கே ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள், வித்வானின் மணிக்கட்டு அழுத்தத்தில் ஓசை வழுக்கிப் போகும். மீதிப் பாதியை அப்பா எங்கிருந்து கேட்டார் என்பதற்கு எனக்கு ஒரே பதில்தான். இளவயதில் கச்சேரிப் பந்தலிலும், பிறகு டம்ளர் அதிரும் அந்த அலமாரிக்கு எதிரிலும் கேட்டதெல்லாம் அவர் காதுக்குள் அப்படியே இருந்தது. மானிட்டர் இடத்தைக் காட்டினால் போதும், ஓசையை அவர் போட்டுக்கொள்வார். அப்படிக் கேட்டு வளராத என் மகளுக்கு நல்ல ஸ்பீக்கர்தான் வேண்டும். இந்த விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

அக்கா சிங்கப்பூரில் குடியேறிய பிறகு அந்த மானிட்டருக்கு இன்னொரு வேலை வந்தது. அதற்குமுன் ஐஎஸ்டி பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பேசவேண்டும். யாஹூ மெசஞ்சரில் குரலாகப் பேசலாம் என்று தெரிந்ததும் ஞாயிறு மாலைகளில் எல்லாரும் மானிட்டர் முன் கூடிவிடுவோம். எங்கள் ஸ்பீக்கரில் வரும் அக்காவின் குரல் எங்கள் மைக்கிலேயே புகுந்து அவளுக்கே திரும்பிப் போகும். "என் குரலே எனக்குக் கேக்குதும்மா, சத்தத்தக் கொறைங்க" என்பாள். குறைத்தால் பாட்டிக்குக் கேட்காது. கடைசியில் பாட்டி மானிட்டரின் வலப்பக்கத் துளைகளில் காதை வைத்துக்கொண்டு உட்கார்வதென்று ஏற்பாடாயிற்று. ஹெட்போன் இருந்தது. யாரும் தொடவில்லை. ஹெட்போனில் துல்லியமாகக் கேட்கும், ஆனால் ஒருவருக்கு மட்டும் கேட்கும். அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிற செய்தியை ஐந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டோம். தட்டையான மானிட்டர்கள் வந்தபின் பல நிறுவனங்கள் ஸ்பீக்கரையே எடுத்துவிட்டன. வைப்பவர்களும் அதைச் சுவரைப் பார்த்து வைக்கிறார்கள். வீடு என்றால் கூடம் உண்டு, கூடத்தில் நாலு பேர் இருப்பார்கள் என்ற நினைப்போடு யாராவது ஒரு மானிட்டர் செய்தால் நான் முதலில் வாங்குவேன்.

அப்பா காலமான பிறகு வந்த வைகுண்ட ஏகாதசி ஒன்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் நிற்க முடியாது. பரமபதவாசல் திறப்பை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள் என்று அலுவலக வேலைக்காக வாங்கிய பெரிய மானிட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தேன். 2002 டிசம்பரில் வகுத்த முறை அது. படமும் சத்தமும் எண்களாக ஒரே வழியில் போகும். விடிவதற்கு முன்பே அம்மா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நம்பெருமாள் ரத்னாங்கியில் புறப்பட்டுவிட்டார். நாகஸ்வரக்காரரின் கன்னம் உப்புவது பளிச்சென்று தெரிகிறது. சத்தம் இல்லை.

"என்னடா, வாசிக்கிறாங்க, ஒண்ணும் கேக்கலியே."

மானிட்டரின் மெனுவில் ஒலி திறந்துதான் இருந்தது. கேபிளும் சரி. அப்பாவின் வரிசைப்படி புறப்படும் இடத்துக்குப் போனேன். கணிப்பொறி தன் முதுகில் இருக்கும் அந்தப் பழைய பச்சைத் துளைக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. திரையின் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி எங்கே போகவேண்டும் என்ற பட்டியலில் மானிட்டரின் பெயரைத் தொட்டேன். நாகஸ்வரம் சுவரில் மோதித் திரும்பிக் கூடம் முழுக்க நிறைந்தது. அம்மா கைகூப்பினாள்.

சமையலறையில் அவளுடைய சின்ன ரேடியோவும் திருச்சி நிலையத்தின் நேர்முக வர்ணனையோடு பாடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவா என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். வாசல் திறந்த கணம் முதலில் ஜன்னல் வழியாக வந்தது, கோயில் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான தொண்டைகளின் "ரங்கா! ரங்கா!" கிட்டத்தட்ட அதே மூச்சில் ரேடியோக்காரரின் குரல் தழுதழுத்தது. மானிட்டரில் பெருமாள் இன்னும் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். இணையத்தில் படத்தைத் துண்டு துண்டாக நறுக்கிச் சேர்த்து வைத்து அனுப்புவதால் அரை நிமிஷமோ என்னவோ பிந்திவிடுகிறது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் கதவு திறந்தது. மறுபடி அதே கோஷம், இந்தத் தடவை கொஞ்சம் மெலிந்து. மறுபடி போட்டுக்கொண்டாள்.

"ஒரே ஏகாதசியில வாசல் ரெண்டு மூணு தரம் தெறந்துச்சுடா எனக்கு" என்றாள்.

பொழுது நன்றாக விடிந்ததும் எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டிலும் பேரன் ஏதோ கணிப்பொறியில் போட்டுக் காட்டியிருக்கிறான். படம் மட்டும் வந்ததாம். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "இராப்பத்து முடியற வரைக்கும் இது கூடத்துலயே இருக்கட்டும், உன் ஆபீஸ் வேலைய உள்ள சின்னதுல பாத்துக்கோ" என்றாள். பிறகு மாமியிடம், "சாயங்காலம் வந்துருங்க, உங்க மருமகளையும் கூட்டிட்டு வாங்க, எங்க வீட்ல சத்தத்தோட வருது" என்றாள்.